ஐயாவு வீட்டுக்கு வரலாமா?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை, கேட்டு வாங்க வந்தார்கள். போன வருஷம், அதாவது 1987இல், ஈப்போவில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கும் கத்தரின் என் வீட்டுக்கு வந்து, கோயில் மண்டபத்தில் போடுவதற்கு ஒரு நாடகம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் கதைகள் அவ்வப்போது வரும். புந்தோங் வட்டாரத்தில் நாலு பேர் படிப்பார்கள். அந்த நாலு பேரில் கத்தரினும் ஒருவர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விஷயம் என்னவென்று கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பெண்டாட்டியை அடிக்கிற ஒருவனைப் பற்றிய நாடகம். ஊர்ப் பெரியவர்களும் சர்க்கார் ஆட்களும் சேர்ந்து அவனைத் தட்டிக்கேட்டதைப் பற்றி. கடைசியில் அவன் திருந்த வேண்டும், பார்க்கிற ஆம்பிளைகளுக்கு உறைக்க வேண்டும். நிஜமாகவே அப்படி ஒருவன் இருக்கிறான் என்றும், அவன் கதையை முழுக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னார். "அவன் திருந்திட்டானா மிஸ்ஸி?" என்று கேட்டேன். (எங்கள் பக்கம் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.)

"அத அவதான் சொல்லணும் சார்."

அவள் என்பது மங்களம். அடிக்கிறவன் அவளுடைய புருஷன் ஐயாவு. கத்தரின் என் வீட்டுக்கு வந்த அன்று ஐயாவு தன் வீட்டில் இல்லை. நாலு பேர் கூடிப் பேசி அவனை வெளியே அனுப்பி வைத்திருந்தார்கள். அவன் திரும்பி வரலாமா கூடாதா என்பதை மங்களம் சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதுவரை அவள் வாய் திறந்திருக்கவில்லை.

[கதை இவ்வளவுதான். கடைசிப் பக்கத்துக்குத் தாவிப் போய் முடிவைத் தெரிந்துகொண்டு வருகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: வீண் வேலை.]

பெயர்களை மாற்றிவிட்டேன். மற்றபடி கத்தரின் பார்த்ததைத்தான் எழுதுகிறேன், அவர் நின்ற இடத்தில் நின்று.

2

நாடகத்துக்கு முன் கதையாக எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். தொடக்கத்துக்கே நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் இப்படி எழுதினேன்: "அன்றைக்கு மங்களம் குழம்பில் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டாள்." எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, என்ன ஆகப்போகிறதோ என்ற பயமும் இருக்கிறது. பெருமையாகக் கத்தரினிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, அப்படியென்றால் உப்பு சரியாக இருந்திருந்தால் அவன் அடித்திருக்க மாட்டானா என்று சாதாரணமாகக் கேட்டார். நான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

பிறகு இப்படி: "சம்சு போத்தலை உதைத்துத் தள்ளிவிட்டு ஐயாவு தள்ளாடியபடி" — இந்த வாக்கியத்தை முடிக்கக்கூட அவர் விடவில்லை. ஐயாவு குடிக்க மாட்டானாம். சம்சு, கள்ளு, பீர், எதையும் தொட மாட்டான். வேலை இல்லாதவனும் இல்லை. ஈயம் தோண்டும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடி, ஆம்பிளைகள் கோப்பிக் கடையில் நாளெல்லாம் குந்தியிருந்தபோதும் அவன் சுண்ணாம்புக்கல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். தெருவில் சாவு விழுந்தால் பாடை கட்ட முதல் ஆளாக வந்து நிற்பான். கோயிலில் காவடி எடுப்பவர்களை வரிசைப்படுத்துவது, கூட்டத்தை ஒதுக்குவது, ஆரத்தித் தட்டைச் சுற்றிக் கொண்டுபோவது எல்லாம் அவன்தான். மஞ்சள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் நடந்து வந்தால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவன் அண்ணன்தான். அப்படிப்பட்ட ஆளைக் குடிகாரனாக்கி மேடையில் ஏற்றினால், குடிக்காமல் அடிக்கிறவனெல்லாம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்ப்பான் என்றார் கத்தரின். அதுவும் நியாயம்தான்.

மூன்றாவதாக எழுதியது: "ஐயாவு தன் மனைவியை அடிப்பான்."

அவ்வளவுதான். பேருந்தில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரின் அப்படியே விடச் சொன்னார், விட்டுவிட்டேன்.

3

ஐயாவு தன் மனைவியை அடிப்பான்.

இரண்டு பேரும் ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது பாதிச் சனத்துக்கு வேலை போயிற்று. அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் பல ஈப்போவுக்கு வந்து ஒரே தெருவில் பலகை வீடுகளில் குடியேறின. வரும்போது தங்கள் சாமியையும் கொண்டுவந்து கோயில் கட்டிக்கொண்டார்கள். கோயிலுக்குத் தலைவர் ராமையா. தோட்டத்தில் கங்காணியாக இருந்தவரின் மகன். அவர் சொன்னால் அந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது.

சாமியோடு இன்னொரு வழக்கமும் வந்தது. தோட்டத்தில் ஒருவன் பெண்டாட்டியை மண்டை உடையும்படி அடித்துவிட்டால், இரண்டு பேரையும் கோயிலுக்குக் கூப்பிடுவார்கள். அவன் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வான். அவளுக்குக் குங்குமம் கொடுப்பார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விஷயம் தீர்ந்தது என்று அர்த்தம். இதற்குச் சேர்த்து வைப்பது என்று பெயர். கோயிலுக்கும் பெரட்டுக்கும் நடுவில் லயத்து வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கத்தரினுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய அப்பா ஆம்புரோஸ் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். சேர்த்து வைத்த பெண்களுக்கு மஞ்சள் மருந்து போட்டு அனுப்பியவர் அவர்தான்.

ஈப்போ கிளினிக்கில் மங்களம் வந்து உட்கார்ந்தபோது கத்தரின் அடையாளம் கண்டுகொண்டார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அடுத்த முறை வந்தபோதும் குளியலறைதான். பிள்ளைகளை ஆயர் தாவாரில் இருக்கும் அக்கா காளியம்மா வீட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னபோதுதான், காரணம் குளியலறை இல்லை என்பதைத் தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டாள்.

கத்தரின் படி ஏறாத இடம் இல்லை. பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், சார்ஜன் லியோனார்ட் கத்தரின் போகிற மாதா கோயில்காரர், தெரிந்தவர். அவள் புகார் கொடுப்பதும் நாலு நாளில் வாபஸ் வாங்குவதும் வாடிக்கையாகிவிட்டது, நான் என்ன செய்ய என்றார். சமூகநல இலாகாவில் நவமணி என்கிற பெண் அதிகாரி, பாலாயில் புகார் இருந்தால்தான் நான் கையை வைக்க முடியும் என்றார். ராமையாவோ இது குடும்ப விஷயம், கோயிலில் வைத்துப் பேசி முடிக்கிறோம், பாலாய்க்கெல்லாம் போக வேண்டாம் என்றார். மூன்று பேரும் நல்லவர்கள், சொன்னதும் பொய்யில்லை. மங்களம் மட்டும் இவரிடமிருந்து அவரிடம், அவரிடமிருந்து இவரிடம் என்று நடையாய் நடந்தாள். (இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இன்னும் இல்லை. எப்போது வருமோ தெரியாது.)

மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது என்று கத்தரின் தீர்மானித்தார். லேசான காரியமா? ராமையா பாலாய்ப் படி மிதிக்க மாட்டேன் என்றார். சார்ஜன் உடுப்போடு கோயிலுக்குள் வந்தால் சனங்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். நவமணிக்கு மேலிடத்தில் அனுமதி கிடைக்க நாளானது. கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சீனர் கோப்பிக் கடையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகப் பேசியது போதும், இனி வாராவாரம் எல்லோரும் சேர்ந்து ஐயாவு வீட்டுக்குப் போவோம், அவனிடம் பேசுவோம், கண்காணிப்போம் என்று முடிவு செய்தார்கள். திரும்பும்போது தன் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல இருந்தது என்றார் கத்தரின்.

4

[இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன். ஐயாவுவின் பிள்ளைப் பருவத்தை எழுதியிருந்தேன். அவனுடைய அப்பன் சன்னாசி, லயத்து வீட்டில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் சின்னப் பையன், வெளியே அம்மாவின் குரல். பொய்யில்லை, நடந்ததுதான். நான் எழுதியதிலேயே உருப்படியான பக்கங்களும் அவைதான். என் மனைவி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவங்க அவன் என்றாள். மங்களத்தைப் பற்றி எழுதிய எந்த வரிக்கும் அவள் அப்படி அழுததில்லை. இத்தனைக்கும் அதே கட்டிலுக்கடியில் ஒளிந்து வளர்ந்த ஐயாவுவின் அண்ணன், பெண்டாட்டி மேல் கை வைத்ததே கிடையாது. அதை எழுத எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.]

5

சனிக்கிழமை மத்தியானங்களில் நாலு பேரும் போனார்கள்.

ஐயாவு வாசலுக்கே வந்து வரவேற்பான். காற்றாடியை ராமையா பக்கம் திருப்பி வைப்பான். சார்ஜனுக்குக் கால் நீட்ட இடம் விடுவான். மங்களம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவாள், பிஸ்கட் வைப்பாள். நம் வீடுகளில் வந்தவர்களுக்கு வாய் நனைக்க ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் உண்டா? எல்லோரும் தேத்தண்ணி குடிப்பார்கள். ராமையா ஐயாவுவிடம் எப்படிப் போகிறது என்று கேட்பார். நல்லாப் போகுது அண்ணே என்பான். பிறகு மங்களத்தின் பக்கம் திரும்பி, நீ சொல்லும்மா என்பார். சுவரோடு ஒட்டி நின்றபடி அவளும் நல்லா இருக்காரு அண்ணே என்பாள். அவர்கள் எழுந்து போவார்கள். சார்ஜனுக்கு ஐயாவுவைப் பிடித்துக்கூடப் போய்விட்டது. ஒருமுறை லோரியில் வரும் வழியில் வாங்கியதாகச் சொல்லி டுரியான் பழம் கொடுத்தனுப்பினான்.

ஒரு சனிக்கிழமை மங்களம் ராமையாவுக்குத் தேத்தண்ணியை இடது கையால் நீட்டினாள்.

ராமையா வாங்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஐயாவு சிரித்தபடி, எந்தக் கையால் கொடுப்பது என்றுகூடத் தெரியாத தோட்டத்துக் கழுதை என்று அவளைக் கேலி செய்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். ராமையாவுக்குக் கோபமில்லை. அவர் அன்பாகத்தான் சொன்னார்.

"சோத்துக் கையால குடும்மா."

அவள் கோப்பையை வலது கைக்கு மாற்றினாள். அந்தக் கை இடுப்பு உயரம் வரை வந்தது, அதற்கு மேல் எழவில்லை. தேத்தண்ணி தளும்பிக் கைமேல் வழிந்தது. முகத்தைச் சுளிக்காமல் நின்றாள். ராமையாவே குனிந்து வாங்கிக்கொண்டார்.

எத்தனையோ பேருடைய கையைத் தூக்கிப் பார்த்தவர் கத்தரின். தோள்பட்டை எப்படித் திருகப்பட்டால் கை அந்த உயரத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை ஐயாவுவும் பார்த்துவிட்டான். ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்தால் அவர்கள் போன பிறகு அவள் கதி என்ன? கத்தரின் தன் கோப்பையைக் காலி செய்தார். அந்தத் தேத்தண்ணி எப்படித் தொண்டையில் இறங்கியதோ, இன்னமும் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

மறுநாளே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி மங்களத்தைக் கிளினிக்குக்கு வரவழைத்து, திரைக்குப் பின்னால் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். மங்களம் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் என்ன பேச வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று ஐயாவு சொல்லிக் கொடுப்பான். அவர்கள் போன பிறகு விசாரணை நடக்கும். நல்லா இருக்காரு என்று சொல்லும்போது ஏன் மிஸ்ஸியைப் பார்த்தாய்? ஏன் அவ்வளவு நேரம் கழித்துச் சொன்னாய்?

"நீங்கள்லாம் வராம இருந்தா எனக்குக் கொஞ்சம் கம்மியா விழும் மிஸ்ஸி."

[இந்த வரியோடு கதையை நிறுத்திவிடலாம் என்று ஒரு மாதம் நினைத்திருந்தேன். பத்திரிகையில் போட்டால் நல்ல பெயர் வாங்கித் தரும். ஆனால் அந்த நாலு பேர் அதோடு நிறுத்தவில்லை. நான் நிறுத்தினால் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.]

6

கோப்பிக் கடையில் கத்தரின் சொல்லி முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சார்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. இப்போதே போய் அவனைத் தூக்கி உள்ளே போடுகிறேன் என்று எழுந்தவரை நவமணிதான் உட்கார வைத்தார். ராமையா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானாம்மா அவள் கையை மாற்றச் சொன்னேன் என்று கத்தரினிடம் கேட்டார். கத்தரின் ஆமாம் என்றார். அவர் திரும்பவும் அதையே கேட்டார். அந்தப் பெரிய மனுஷர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடைக்காரத் தௌக்கே என்னமோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

அவளை உடனே வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார் நவமணி. காளியம்மா வீட்டுக்கோ, தன் இலாகா ஏற்பாடு செய்யும் ஓர் இடத்துக்கோ. அப்போதுதான் ராமையா பேசினார். எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர்.

"அவ ஏன் போவணும்? அவன் போவட்டும் லா."

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சார்ஜன் மங்களத்திடம் தனியாகப் புகார் வாங்கினார். கத்தரின் தான் பார்த்த காயங்களைச் சொல்லி அதோடு சேர்த்துக் கொடுத்தார். இனி ஒரு விரல் பட்டாலும் கோர்ட்தான் என்று ஐயாவுவிடம் நேருக்கு நேர் சொல்லப்பட்டது. டயர் பட்டறை மாடியில் ஓர் அறை பார்த்து அவனை அங்கே அனுப்பினார்கள். நவமணி ஆயர் தாவாருக்குப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்து ஈப்போ பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மங்களத்தை இனி கத்தரின் மட்டும்தான் பார்ப்பார், தனியாக. வீட்டுக்கு யாரும் போகக்கூடாது.

ராமையா தன் பங்குக்குச் செய்ததுதான் ஐயாவுவை உலுக்கியது. மங்களம் சொல்கிறவரை கோயில் காரியம் எதிலும் அவன் கை படக்கூடாது. எல்லோரையும்போல வந்து வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். துண்டு கிடையாது, தட்டு கிடையாது. ஐயாவு ராமையாவின் காலைப் பிடித்துக்கொண்டான். லோக்கப்பில் வேண்டுமானாலும் போடுங்கள் அண்ணே, கோயிலில் என்னை இப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சினான். ராமையா காலை விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாரம் ஒருநாள் சாயங்காலம் மண்டபத்தில் அவனை உட்கார வைத்து ராமையாவும், உடுப்பைக் கழற்றிவிட்டு வேட்டியோடு சார்ஜனும் பேசினார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு, அதைச் சொன்னது நவமணி. மங்களம் என்ன செய்தாள் என்று அவன் பேசக்கூடாது. தான் என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

"அவ எதுத்துப் பேசுனதால நான்" — நிறுத்து என்றார் ராமையா.

"எனக்குக் கோவம் வந்துச்சு, அப்ப கை" — கை தானாகப் போயிற்றா என்றார் சார்ஜன்.

"அன்னைக்கு வீட்டுல எல்லாமே ஒரு மாதிரி" —

இப்படியே வாரக்கணக்கில் போனது. சில நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவான். சார்ஜன் சலித்துக்கொண்டார், ராமையா விடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"நான் அவ கைய முறுக்குனேன். அவ கத்துனா. நான் விடல."

ராமையா இதைக் கத்தரினிடம் சொன்னார், கத்தரின் என்னிடம் சொன்னார், நான் உங்களிடம் சொல்கிறேன். நாடகமாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் வாசிப்பார்கள். எனக்கும் கை பரபரத்தது. எழுத்தில் ஒருவனைத் திருத்த ஒரு வரி போதும், இதோ அந்த வரி. ஆனால் இவன் நல்லாப் போகுது அண்ணே என்று பிசகில்லாமல் நடித்தவனாயிற்றே! வாத்தியார் மாறியதும் வேறு பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டானா? என் பாத்திரத்தை நானே நம்பாவிட்டால் எப்படி எழுதுவது? கத்தரினிடம் சண்டைக்கே போனேன். நீங்கள் இத்தனை பேர் கூடவே இருந்தீர்களே, உங்களுக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். தெரியவில்லை சார் என்றார். தெரிந்தவள் ஒருத்திதான், அதனால்தான் அவளைக் கேட்க வேண்டும் என்றார்.

7

நாடகத்தின் முடிவு என்னவென்று தெரிந்துகொள்ள எல்லோரும் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

ராமையாவுக்கு நாதஸ்வரம் வேண்டும். ஐயாவுவும் மங்களமும் மறுபடி மாலை மாற்றிக்கொள்ள வேண்டும், சனங்கள் கண்கலங்கி வீட்டுக்குப் போக வேண்டும். அவனை மனசார வெளியே அனுப்பியவர்தான், ஆனாலும் உள்ளுக்குள் அந்த ஆசை இருக்கிறது. மறைக்காமல் சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்தது. சார்ஜன் லியோனார்டுக்குக் கோர்ட்டும் விலங்கும். ஒருவன் உள்ளே போனால் பத்துப் பேருக்குப் புத்தி வரும் என்றார். நவமணிக்கு வேறு மாதிரி: மங்களம் உடுப்புத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டுச் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய சாமான்களோடு தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகிறாள், திரை விழுகிறது.

மூன்றையும் எழுதினேன். ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் நன்றாகவே வந்திருந்தது. அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் கவனித்தேன், மூன்றிலும் மங்களத்துக்கு வசனமே இல்லை. ஒன்றில் கும்பிடுகிறாள், ஒன்றில் அழுகிறாள், ஒன்றில் கதவைத் திறக்கிறாள். ஐயாவு மூன்றிலும் பக்கம் பக்கமாகப் பேசுகிறான்.

கத்தரினுக்கு எந்த முடிவு வேண்டும் என்று கேட்டேன். "அவ உசுரோட இருக்கணும் சார்," என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

8

நான் தடுமாறிக்கொண்டிருந்தபோதே மங்களத்திடம் கேட்டுவிட்டார்கள். அவளும் பதில் சொல்லிவிட்டாள். என்ன சொன்னாளோ அதன்படியே நடந்தது, இன்றுவரை நடக்கிறது. கத்தரின் என்னிடம் சொன்னார். எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டு, அச்சுக்கு அனுப்புமுன் மங்களத்தின் சம்மதம் வாங்க வேண்டுமே என்று கத்தரினோடு போனேன். மங்களம் வேலை பார்க்கிற உடுப்புத் தொழிற்சாலைக்கு அன்று விடுமுறை. கிளினிக்குக்கு எதிரே மரத்தடிப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

முதல்முறையாக அவளைப் பார்த்தேன். நான் எழுதிய மங்களம் ஒல்லி. இவள் நல்ல உயரமும் உடம்புமாக, யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவளாக இருந்தாள். முழுவதையும் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில், நான் அப்படியெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கல சார் என்றாள். [குனிந்தாள் என்றே விட்டிருக்கிறேன், மூன்றாம் பகுதியில். கத்தரின் பார்த்தது அப்படி. மங்களத்தின் மறுப்பையும் இங்கே எழுதிவிட்டேன். யாரை நம்புவது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.] கிழித்துப்போட்ட நான்காம் பகுதியைப் பற்றிப் படித்தபோது, அவனுடைய அண்ணனைப் பற்றிச் சொன்னது நல்லதாகப் போயிற்று என்றாள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அவள் தாளின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"இதுக்கு மேல எழுதாதீங்க சார்."

கதை அந்தரத்தில் தொங்குமே, படிக்கிறவர்கள் என்னை ஏசுவார்களே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் வரலாம்னு சொன்னதா நீங்க எழுதுனா, நாளைக்கு இன்னொருத்திய உக்கார வெச்சு, 'பாரு, மங்களம் எவ்ளோ பெருந்தன்மையா சேத்துக்கிட்டா'ம்பாங்க. வேணாம்னு சொன்னதா எழுதுனா, 'அவளுக்கு இருந்த தைரியம் ஒனக்கு இல்லையா'ம்பாங்க. நான் சொன்னது எனக்கு சார். அவளுக்கு அவதான் சொல்லணும்."

அப்படியானால் நான் எதைத்தான் எழுதுவது என்று கேட்டேன். கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு வருஷ உழைப்பு.

மங்களம் தாளை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"எங்கிட்ட கேட்டாங்க. அத எழுதுங்க சார். எங்கப்பா கேட்டதில்ல, கட்டி வெக்கும்போது யாரும் கேட்டதில்ல. இவங்க கேட்டாங்க."

9

ஆகையால் அவர்கள் அவளிடம் கேட்டதை எழுதுகிறேன். முடிவு தேவைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் தெருவிலும் குளியலறையில் வழுக்கி விழுகிற ஒருத்தி இருப்பாள். கதையில் மிச்சம் இருப்பது அவளிடம் இருக்கிறது. போய்க் கேட்பது உங்கள் பொறுப்பு. எப்படிக் கேட்டார்கள் என்று மட்டும் நான் சொல்லித் தருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து சனங்கள் கலைந்த பிறகு. ஐயாவு ஊரில் இல்லை. அன்றைக்கு லூமுட்டுக்கு ஒரு லோடு கல் ஏற்றிக்கொண்டு போகும்படி முதலாளியிடம் சொல்லிச் சார்ஜன் ஏற்பாடு செய்திருந்தார். லோரி கிளம்பியதைக் கத்தரின் தானே பார்த்துவிட்டு வந்து சொன்னார். பிள்ளைகளை நவமணி வெளியே விளையாட விட்டார். மண்டபத்துக் கதவைச் சாத்தினார்கள். மங்களத்துக்கு நாற்காலி போட்டார்கள், நாலு பேரும் கீழே பாயில் உட்கார்ந்தார்கள். அது ராமையாவின் ஏற்பாடு. யாருக்கும் தேத்தண்ணி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவள் எதைச் சொன்னாலும் அதுதான். ஏன் என்று கேட்கக்கூடாது, யோசித்துச் சொல் என்று சொல்லக்கூடாது, முகம் மாறக்கூடாது.

ராமையாதான் கேட்டார். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தாராம்.

"ஐயாவு வீட்டுக்கு வரலாமாம்மா?"

மங்களம் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. ராமையா ஏதோ சொல்ல வாயெடுத்தார், கத்தரின் அவர் கையைத் தொட்டதும் மூடிக்கொண்டார். காத்திருந்தார்கள்.

பிறகு அவள் சொன்னாள். நாலு பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.